உன் மாமன் பேரில் நான் சொன்ன குறைகள்

தம்பி,

நீ சௌக்கியம்தான் என்று எனக்குத் தெரியும். காலையில் அம்மாவிடம் நீ பேசியபோது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன் சேகர் மாமா மேல் பொறாமை. லேசான பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை. மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு மனுஷன், தலை நரைத்த வயதில், மனைவியின் தம்பியைப் பார்த்து வயிறெரிகிறான் என்றால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. போனில் நீயும் நானும் பேசினால் "சாப்டியா", "சாப்டேன்", "வண்டிய சர்வீஸ் விட்டியா", "விடறேன்", "இந்தா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பேச்சு நீண்டால் நான் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், நீ "ஒரு கால் வருதுப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் உன்னால் நடுவில் வைக்க முடியாது. அதனால்தான் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்து, செம்மண்டலத்து வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் இருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். உன் அம்மா பத்திரிகை வைக்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

புவனகிரியில் பெண் வீட்டில் உன் நிச்சயதார்த்தம் நடந்ததே, அன்றைக்குத்தான் இது முற்றிப்போனது. தட்டு மாற்றி முடிந்ததும் நந்தினியின் அப்பா உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். "மாப்ள, நீங்க பி.காம்.தான படிச்சீங்க? இந்த மொபைல் ஆப் செய்யறதெல்லாம் யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" நீ கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாய். "யாருகிட்டயும் இல்ல மாமா. நானாவே கத்துக்கிட்டேன்." கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அவர் உன் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஒரு பிள்ளை சபையில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் நானாகவே என்று சொன்னால், பெற்றவன் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ பொய் சொல்லியிருந்தால் தேவலை, கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். சொன்னது அத்தனையும் உண்மை. அதோடாவது விட்டாயா? "ஆனா எங்க சேகர் மாமா இல்லன்னா ஒண்ணும் ஆயிருக்காது. என் ஆப்புல இருக்கற தப்பெல்லாம் கண்டுபிடிச்சி சொல்றது அவருதான்" என்றாய். எல்லோரும் சேகரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பாயாசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். தன்னடக்கம் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவன் ஏன் குனிந்தான் என்று அந்தச் சபையில் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் வருகிறேன், கொஞ்சம் பொறு.

நீ கற்றுக்கொண்ட விதத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலேஜ் முடித்துவிட்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு மொபைல் கடையில் பில் போடப் போனாய். அங்கே யாரோ விற்க வந்த பழைய லேப்டாப்பை வாங்கி வந்தாய். திறந்தால் கதவு மாதிரி சத்தம் போடும். அதன் முன்னால் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் இடி விழுந்தாலும் உனக்குத் தெரியாது. வீடியோவில் ஒருவன் பேசுவான். திரையின் மூலையில் வட்டத்துக்குள் சின்னதாக ஒரு தலை, அவ்வளவுதான் அவன். அவன் இங்கிலீஷில் ஏதோ சொல்லச் சொல்ல நீ தலையாட்டுவாய். புரியாவிட்டால் பின்னால் இழுத்து மறுபடியும் கேட்பாய். அப்போதும் புரியாவிட்டால் இன்னொரு தடவை. நான் எதிரே பேப்பரைப் பிடித்துக்கொண்டு, படிக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை ஒருநாளாவது நீ பின்னால் இழுத்துக் கேட்டிருக்கிறாயா? வண்டியில் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டுகிறேன் வா என்று கூப்பிட்டால், நான் முதல் ஸ்க்ரூவை எடுப்பதற்குள் "மெக்கானிக்குகிட்ட விட்டுக்கலாம்பா" என்று எழுந்து போனவன் நீ. மோட்டார் சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்டரில் பாதி ஆயுளைக் கழித்தவனின் மகன்! அந்தச் சின்னத் தலைக்காரனுக்கு உன் பெயர்கூடத் தெரியாது. ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நெட் நின்றுபோனது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நீ ஐந்து நிமிஷத்தில் மொட்டை மாடிக்குப் போய் சிக்னல் பிடித்து அவனை மறுபடியும் பேச வைத்துவிட்டாய்.

அப்புறம் கடை வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தாய். ட்யூஷன் சென்டருக்கு ஒன்று, பால் ஊற்றுகிறவருக்கு ஒன்று என்று ஆப் செய்து கொடுக்க ஆரம்பித்தாய். லுங்கியைக் கட்டிக்கொண்டு ஒருவன் வேலை பார்ப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒருநாள் உனக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்தேன். நீ யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாய். "இல்ல சார், ரெண்டு நாள்ல முடியாது. அவசரப்பட்டா நல்லா வராது. வேற யாருகிட்டயாவது பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் நிச்சயதார்த்தத்துக்கு லீவு கேட்கக்கூட, முதலாளி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரும் நேரமாகப் பார்த்துக் காத்திருந்து கேட்டவன் நான். 'முடியாது' என்ற ஒரு வார்த்தையை அந்தக் கடையில் நான் சொன்னதே இல்லை. ஸ்டாக் இல்லாத பார்ட்டைக் கேட்டால்கூட, 'நாளைக்கு வந்துடும் சார்' என்றுதான் சொல்லிப் பழக்கம். அந்த ஆள் திரும்பவும் உனக்கே போன் செய்து, "சரி தம்பி, உங்க வசதிப்படி செஞ்சி குடுங்க" என்றதையும் கேட்டேன். பெருமைப்பட்டிருப்பேன் என்றுதானே நினைக்கிறாய்? பெருமை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. அந்த 'முடியாது' என்பதை நீ எந்தக் காலத்திலும் விட்டுவிடாதே. ஆனால் அதே குரலை நந்தினியிடம் காட்டிவிடாதே. அவள் உன் கிளையன்ட் இல்லை.

இனி நீ டெஸ்டர்களைத் தேடிய கதைக்கு வருகிறேன். உனக்கே சொந்தமாக ஒரு ஆப் செய்தாய். சிதம்பரத்திலிருந்து குமராட்சிப் பக்கம் போகும் மினி பஸ் எந்த நேரத்துக்கு எந்த ஊருக்கு வரும் என்று காட்டுவது. நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அந்தப் பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் நின்று கால் கடுத்தவர்கள், அதனால் எனக்கும் அது பிடித்திருந்தது. சொல்லவில்லை, அவ்வளவுதான். புது ஆள் ஒருவன் ஆப்பை ஸ்டோரில் விட வேண்டுமென்றால், முதலில் ஒரு டஜன் பேர் அதைத் தங்கள் போனில் வைத்து இரண்டு வாரம் சோதித்துப் பார்க்க வேண்டுமாமே. அதற்காக நீ பட்ட பாடு இருக்கிறதே! கல்யாணத்துக்கு அழைப்பது போல ஒவ்வொருவர் வீடாகப் போனாய். சித்தப்பா, பெரியப்பா மகன், எதிர்வீட்டு டீச்சர், பால்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. சித்தப்பா மூன்றாம் நாளே போனில் இடமில்லை என்று ஆப்பை அழித்துவிட்டு, பேத்தி பிறந்தநாள் வீடியோவை ஏற்றிக்கொண்டார். நீ மறுபடியும் போய் அவர் காலில் விழாத குறை. ஊரில் இத்தனை பேரைக் கேட்டாய், ஒரே வீட்டில் இருக்கும் என்னைக் கேட்கவில்லை. என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, அதனால்தான் கேட்கவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்து பின்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டில் உன் அம்மா கேட்டாள், "அப்பாவுக்கும் ஒரு டச் போனு வாங்கிக் குடுத்து அதுல போடேன்டா." நீ சொன்னாய், "ஐயோ, அவரு வேணாம்மா. ஆப்ப தொறக்கறதுக்கு முன்னாடியே நாலு குத்தம் சொல்லுவாரு. அப்புறம் எனக்கு வேலையே ஓடாது." உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நீ சொன்னதைவிட அவள் சிரித்ததுதான் எனக்கு ஜாஸ்தி வலித்தது.

நீ சொன்னது தப்பில்லை. ஓட்டலில் காபியைத் திருப்பி அனுப்புகிறவன்தான் நான். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் புளி தூக்கல் என்று பரிமாறுகிற பையனிடம் சொல்லி, சமையல்காரரை வெளியே வரவழைத்தவன்தான். என் பக்கத்து இலையில் உட்காரச் சொந்தக்காரர்கள் யோசிப்பார்கள். குறை என் கண்ணில்தான் முதலில் படுகிறது, பட்டதும் வாயில் வந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். ஊரெல்லாம் கெஞ்சி நீ எதற்கு ஆள் தேடினாய்? குறை சொல்லத்தானே? அந்த வேலைக்குக்கூட அப்பன் வேண்டாமா?

அப்போதுதான் சேகர் புதுப் போன் வாங்கினான். பழையதை, "அக்கா, நீ சீரியல் பாரு" என்று உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவனுடைய மெயில் ஐடி, அவன் ஏற்றிவைத்திருந்த உன் ஆப், எல்லாம் அதிலேயே இருந்தது. மஞ்சளாக ஒரு குட்டி பஸ் படம். உன் அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் அதைத் தொட்டேன். கோபத்தோடுதான் தொட்டேன், மறைக்கவில்லை. 'கருத்து சொல்ல' என்று ஒரு பெட்டி வைத்திருந்தாய். 'எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. வெயிலில் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை. போய்விட்ட பஸ்ஸை இனிமேல்தான் வரும் என்று காட்டுகிறது. இதற்கு எதற்கு ஒரு ஆப்?' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய கை கீழே இறங்குவதற்குள் உன்னிடமிருந்து பதில். 'மாமா, செம! இதுதான் மாமா எனக்கு வேணும். எல்லாரும் சூப்பர் சூப்பர்னு சொல்லிட்டு போயிடறாங்க. நீங்க ஒருத்தர்தான் நெஜமா பாக்கறீங்க.' கூடவே சிவப்பாக ஒரு ஹார்ட். நான் அந்த ஹார்ட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எனக்கு அனுப்பிய முதல் ஹார்ட், ஆனால் அது என் பேருக்கு வந்ததல்ல.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த பஸ் ஆப்புல எழுத்து சின்னதா இருக்குதாமே, யாரோ சொன்னாங்க." நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆரம்பிச்சிட்டீங்களாப்பா" என்றாய். மறுநாள் காலையில் ஆப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் பெரிதாகியிருந்தது. 'மாமா சொன்னபடி மாத்திட்டேன்' என்று ஒரு வரி வேறு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சேகர் வாயால் வந்தால் அது யோசனை, என் வாயால் வந்தால் அதுவே தொணதொணப்பு. சரி, அப்படியே இருக்கட்டும் என்று முடிவு பண்ணினேன். அடுத்த தடவை எழுதும்போது, சேகர் உன்னைக் கூப்பிடுவது போல 'மாப்ள' என்று ஆரம்பித்தேன். பெற்ற பிள்ளையை மாப்ள என்று கூப்பிட்டு எழுதிய அப்பன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

குமராட்சியில் இருக்கிற என் அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, வழித்துணைக்கென்று அந்தப் பழைய போனையும் வாங்கிக்கொண்டு, கடை லீவு நாட்களில் சிதம்பரத்துக்கு வந்து அந்த மினி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் உன் ஆப்பைத் திறந்து, எங்கே தப்புகிறது என்று பார்ப்பேன். கொள்ளிடத்தில் தண்ணீர் விட்டிருந்த சமயம், ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பாதி வழியிலேயே பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். உன் ஆப் மட்டும் விடாமல் குமராட்சிக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதை எழுதியபோது எனக்கு இருந்த குஷி, பந்தியில் சமையல்காரரை வெளியே வரவழைத்தபோதுகூட இருந்ததில்லை. நான் சொன்ன குறைகளில் பாதி அசட்டுத்தனம் என்றும் தெரியும். பஸ் வரும்போது போன் ஹாரன் அடிக்க வேண்டும் என்றேன். டிரைவர் பெயரைப் போடு என்றேன். பச்சை நிறம் வேண்டாம் என்றேன், அது எங்கள் எதிர்க்கடை போர்டு நிறம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. நீ சலித்துக்கொள்ளவே இல்லை. இது ஏன் முடியாது, அதைச் செய்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் நீளமாக விளக்கம் எழுதினாய். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ எனக்கு ஒரு விஷயத்தை உட்கார்ந்து விளக்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. சேகருக்கு எவ்வளவு பொறுமையாக விளக்குகிறான் பார் என்று என் பொறாமை இன்னும் ஒரு படி ஏறியது. அந்தச் சேகரே நான்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

ஒருவழியாக உன் ஆப்பும் ஸ்டோரில் ஏறியது. பொங்கலுக்கு நீ சேகருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாய். எனக்கும் வேட்டி எடுத்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேட்டி அப்பா என்பதற்காக வந்தது, சட்டை உழைத்ததற்காகப் போனது. இரண்டு நாள் கழித்து சேகர் அந்தச் சட்டையை மடித்த மடிப்போடு எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டான்.

"மாமா, இது உங்களுது."

"உன் சைசுல எடுத்த சட்ட எனக்கு எப்டிடா ஆவும்?"

"வெளையாடாதீங்க மாமா. நான் அந்த ஆப்ப ஏத்தனதோட சரி, மறுவாட்டி தொறக்கவேயில்ல. மாப்ள என்னமோ நான் பஸ் பஸ்ஸா ஏறி எறங்கி பாத்தேன்னு ஊரெல்லாம் சொல்றான். பழைய போனு உங்க வூட்லதான இருக்குது? அக்காவுக்கு சீரியல உட்டா ஒண்ணும் தெரியாது. அப்ப நீங்கதான?"

"நான்தான். அதுக்கு இன்னா இப்ப?"

"சொல்லிடுங்க மாமா. எனக்கு கூச்சமா இருக்குது. அவன் இன்னா கேட்டாலும், நல்லாருக்கு மாப்ளன்னு சொல்லிட்டு ஓடியாந்துடறேன்."

"சொன்னா அவன் கேக்க மாட்டான்டா. நீயே வெச்சிக்க. வாயத் தொறக்காத."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். நல்லவன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், அவன் மேல் கோபப்படக்கூட இடம் இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தான்.

இவ்வளவும் உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். இப்போது நீ செய்திருக்கும் ஆப்தான் என்னை எழுத வைத்துவிட்டது. சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறவருக்காக நீ செய்வது. இதற்காகவே அங்கே ரூம் எடுத்துத் தங்கினாய். வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப்போக, போனிலேயே நேரம் குறித்துக்கொள்ளலாம். இதை நீ ஸ்டோர் வழியாக அனுப்பவில்லை, நேராகச் சேகர் நம்பருக்கே அனுப்பிவிட்டாய். நம் வீட்டுப் பழைய போனில் அது வரவில்லை. போன வாரம் அம்மாவிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. "மாமா பாத்துட்டாரும்மா. ஒரு தப்பும் இல்லன்னுட்டாரு. திருவந்திபுரம் கோயில்ல தாலி கட்டிட்டு வந்து, அடுத்த வாரமே லேப்காரருக்கு குடுத்துடறேன்." சேகர் எப்படிப் பார்த்திருப்பான் என்று எனக்குத்தானே தெரியும்.

நேற்று முதுநகருக்கு, அவன் வீட்டுக்குப் போனேன். போனைக் கொடு என்றேன். உன் ஆப் முதல் பக்கத்திலேயே பெயர் கேட்டுக்கொண்டு நின்றது. அதாவது, அவன் திறக்கக்கூட இல்லை. என் பெயரைப் போட்டேன். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டது, இருக்கிறது என்றேன். வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைத் தேர்ந்தெடுத்தேன். சேகர் மேல் இருந்த கடுப்பில், உன் ஆப்பையும் கடுப்பேற்றிப் பார்க்கலாம் என்று, சாயங்காலம் நாலு மணியைத் தொட்டேன். தடுக்கும் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. 'உங்கள் நேரம் உறுதியானது. ரத்த மாதிரி எடுக்கும்வரை எதுவும் சாப்பிட வேண்டாம்' என்று அழகாக எழுதிக் காட்டியது. குமராட்சியில் உன் பெரியப்பா இருக்கிறாரே, போனில் என்ன போட்டிருக்கிறதோ அதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர். சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீரோடு வயலில் நின்று, வரப்பிலேயே விழுந்து கிடப்பார். பஸ் தப்பினால் அடுத்த பஸ் வரும், இது அப்படிப்பட்ட விஷயம் இல்லை.

சேகரும் பயந்துவிட்டான். "நீங்க சொல்லுங்க மாமா, நான் டைப் பண்ணி அனுப்பிடறேன். மாப்ள ஒடனே சரி பண்ணிடுவான்" என்றான். அவன் சொன்னது சரியான வழி. சுலபமான வழி. நானே போனை வாங்கி 'மாப்ள' என்று அடித்தும்விட்டேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. இதை அனுப்பினால் நீ என்ன செய்வாய் என்று கண்ணில் தெரிந்தது. 'மாமா, உயிரக் காப்பாத்திட்டீங்க' என்பாய், ஹார்ட் ஒன்று இல்லை, வரிசையாகப் போடுவாய். கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து அவனைப் பற்றிப் பேசினாலும் பேசுவாய். அடித்ததை அழித்துவிட்டேன். நியாயம் தர்மம் பார்த்து அழிக்கவில்லை, தம்பி. இந்த ஒன்றையும் அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஆனால் அழித்துவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். அவன் பேரில் போயிருந்தால் இந்நேரம் திருத்தியிருப்பாய். என் பேரில் வந்தால்? 'ஆரம்பிச்சிட்டீங்களாப்பா' என்று மூடி வைத்துவிட்டால்? கல்யாண வேலையில் மறந்து, லேப்காரரிடம் அப்படியே கொடுத்துவிட்டால்? என் பொறாமைக்காக யாரோ ஒரு பெரியவர் பட்டினி கிடந்து மயங்கி விழ வேண்டுமா? உன் பெயர் முதல் பெரிய வேலையிலேயே கெட வேண்டுமா? அதனால்தான் இவ்வளவு நீளமாக, மானத்தை விட்டு, முதலிலிருந்து சொல்கிறேன். மினி பஸ் ஆப்பில் நீ திருத்தியதெல்லாம் யார் சொல்லித் திருத்தினாய் என்று தெரிந்தால், இதையும் கேட்பாய் என்று ஒரு நம்பிக்கை.

தப்பு உன்னுடையது மட்டும் இல்லை. உன் மேல் பாசமாக இருக்கிறவர்களிடம் எல்லாம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய். பாசக்காரர்கள் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். சூப்பர் என்று சொல்கிறவர்களை விருந்துக்குக் கூப்பிடு, வேலைக்குக் கூப்பிடாதே. பொறாமைக்காரனிடம் கொடுத்துப் பார். அவன் தூங்காமல் குறை தேடுவான். இந்த வயதில் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட என்னைவிடப் பொருத்தமான ஆள் உனக்குக் கிடைக்க மாட்டான். சேகர் மேல் பொறாமை என்று ஆரம்பித்தேன், எழுதிக்கொண்டு வரும்போது தெரிகிறது, அது பாதிதான். மீதி உன் மேல். யாரிடமும் கேட்காமல் கற்றுக்கொண்டாயே, யாருக்கும் கைகட்டாமல் வேலை செய்கிறாயே, அதன் மேல். நான் ஆசைப்பட்டு, தைரியம் இல்லாமல் விட்டது அது. அதை நீ லுங்கியோடு உட்கார்ந்து செய்கிறாய். நான் சொல்லிக் கொடுத்து நீ செய்திருந்தால் எனக்கு இந்த எரிச்சல் இருந்திருக்காது. எனக்கு அதில் ஒரு ஓரத்தில் இடம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கல்யாணத்தில் சேகர் செய்ய வேண்டியதை எல்லாம் குறைவில்லாமல் செய்யட்டும். தாய்மாமன் என்ற முறையில் உன் நெற்றியில் பட்டம் கட்டட்டும், சீர் வைக்கட்டும், போட்டோவில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கட்டும். திருவந்திபுரத்தில் அன்றைக்கு உங்களைப் போல எத்தனை ஜோடி வரிசையில் நிற்குமோ, அந்தக் கூட்டத்தில் நான் ஒரு மூலையில் நின்றாலும் எனக்குக் கவலை இல்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். நந்தினி வந்த பிறகு உன் ஆப்பை முதலில் பார்ப்பது அவள்தான் என்று ஆகிவிடும், அப்போது அவள் மேலும் எனக்குப் பொறாமை வரும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவள் குறை சொன்னால் முகம் சுளிக்காமல் கேள். நம் வீட்டில் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை கடைக்குப் போகும் வழியில் எனக்கென்று ஒரு டச் போன் வாங்கிவிட்டேன். நம்பர் பழைய நம்பர்தான், உன்னிடம் இருக்கிறது.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரலாம். எது வந்தாலும் சேகருக்குப் போன் போட்டுத் திட்டாதே, அவன் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கிறான். முதலில் அந்த லேப் ஆப்பைத் திற. வெறும் வயிற்றுப் பரிசோதனையை எடுத்து, சாயங்காலம் நாலு மணியைத் தொட்டுப் பார். நான் சொன்னது தப்பாக இருந்தால் என்னை என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன். சரியாக இருந்தால் கல்யாணத்துக்கு முன்னாலேயே திருத்து. திருத்தியதும் எனக்கு அனுப்பு.

சேகருக்கு அனுப்பாதே.

உன் அப்பா